ஒரே பெயர் உள்ள வாக்குச்சீட்டு

கார்வின் லேண்டிங்
செப்டம்பர் 9

அன்பு மகள் டெல்ஃபினுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானேதான் எழுதுகிறேன். பக்கத்தில் யாரும் இல்லை. கர்த்தருடைய கிருபையால் உடம்பு சுகமாக இருக்கிறது. முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னால் தகவல் சொல்லிவிடுகிறது. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

எழுபத்தாறு வயதில் இது என் முதல் கடிதம். இதை மூன்று நாளாக எழுதுகிறேன். ஜனவரியிலிருந்து நூலகத்தில் திருமதி கிம்பால் நடத்தும் வகுப்புக்குப் போகிறேன். பாதியில் விட்டுவிட்டால் அவமானம் என்று உன்னிடமும் சொல்லவில்லை. அங்கே பெயர்ப் பட்டியலே கிடையாது. வருகிற பெரியவர்கள் யாரும் வெட்கப்படக் கூடாது என்று அப்படி வைத்திருக்கிறார்கள். எனக்கு எழுதத் தெரியாது என்பது உனக்கும் உன் அம்மாவுக்கும் மட்டும்தான் தெரியும். ஊருக்கெல்லாம் நான் கண்ணாடியை மறந்துவிட்டு வருகிறவன்.

உனக்கு ஏழு வயதானதிலிருந்து எனக்கு எல்லாவற்றையும் நீதான் வாசித்துச் சொன்னாய். இப்போது அவற்றை ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறேன். உன் அம்மாவின் கல்லறைக்குப் போய் வாசித்தேன். நீ சொன்னபடியே இருந்தது. இதுவரை ஒன்றுகூடப் பொய்யில்லை, பெண்ணே.

ஆஸ்பத்திரிக் கதவில் ஒட்டிய தாளையும் வாசித்தேன். 'நிரந்தரமாக மூடப்பட்டது.' உன் செனட்டர் ட்ரெம்பிள் நம் சர்ச்சுக்கு வந்து காரணம் சொல்வதாகச் சொல்லி மூன்று வருடம் ஆகிறது. அவரிடம் வேலை பார்க்கிறாயே, ஞாபகப்படுத்து.

இனிமேல் போன் ஞாயிற்றுக்கிழமை மட்டும். மற்ற நாளில் எழுது.

உன் அப்பா,
ஓசெல் பிக்கெட்

---

தலைநகர்
செப்டம்பர் 20

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். உங்கள் கடிதத்தை அலுவலகத்தில் பிரித்தேன். பக்கத்து மேஜைக்காரி பயந்து தண்ணீர் கொண்டுவந்தாள், அவ்வளவு அழுதேன். உங்களுக்குச் சிரமம் இருக்கக் கூடாதென்று தனித்தனி எழுத்தாக எழுதுகிறேன். இரத்த அழுத்த மாத்திரை காலையில்தான் என்பதை மறக்க வேண்டாம். டப்பியிலேயே எழுதியிருக்கும், இனி நீங்களே வாசிக்கலாம்.

செனட்டரிடம் சொன்னேன். நிச்சயம் வருவார். அவர் மாநில செனட்டை விட்டு வாஷிங்டன் காங்கிரஸுக்குப் போட்டியிடுவது முடிவாகிவிட்டது. கட்சியில் பெரியவர்கள் எல்லோரும் அவர் பக்கம் நிற்கிறார்கள். நவம்பர் தேர்தலுக்குக் கட்சி வேட்பாளர் யார் என்று மக்கள் ஓட்டுப் போட்டு முடிவுசெய்ய மார்ச்சில் நடக்கும் உட்கட்சித் தேர்தலில் அவருக்கு எதிராக யாரும் நிற்க மாட்டார்கள். என் வேலை தொண்டர்களைக் கவனிப்பது. ஆட்கள், பேருந்து, சாப்பாடு.

உங்கள் கடிதங்களைப் போட்டுவைக்க ஒரு பெட்டி வாங்கியிருக்கிறேன்.

அன்பு மகள்,
டெல்ஃபின்

---

கார்வின் லேண்டிங்
அக்டோபர் 6

அன்பு மகளுக்கு,

சுகம். நீயும் சுகம் என்று வாசித்தேன். வாசித்தேன் என்று எழுதவே எவ்வளவு நன்றாக இருக்கிறது.

யாரும் நிற்க மாட்டார்கள் என்றாய். நிற்கிறார்கள். லோரேன் டக்கெட்டைத் தெரியுமே, ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். மூடிய பிறகு கோழிப்பண்ணையில் வேலை செய்கிறாள். சர்ச் கூடத்தில் எழுந்து நின்று, தான் ட்ரெம்பிளை எதிர்த்து உட்கட்சித் தேர்தலில் நிற்பதாகச் சொன்னாள். பின்னால் இருந்து ஒருத்தன், "நீ நின்னா ஜெயிக்கவா போறே?" என்றான். அவள் கோபப்படவில்லை.

"தோக்கடிக்கிற திராணி எனக்கில்ல. போட்டின்னு ஒண்ணு இருந்தாத்தான் அந்த மனுஷன் ஓட்டுக் கேட்டு இந்தத் தெருவுக்கு வருவாரு. வந்தா நாம கேக்க வேண்டியதைக் கேக்கலாம்."

எனக்கு அது நியாயமாகப் பட்டது, டெல்ஃபின். நான் ட்ரெம்பிளுக்கே ஓட்டுப் போட்டாலும் போடுவேன். ஆனால் அவர் வரட்டும். மிஸ் ஒடெஸாவுக்கு வாரத்தில் மூன்று நாள் இரத்தம் சுத்தம் செய்ய வேண்டும். நம் ஆஸ்பத்திரி மூடியதிலிருந்து ஐம்பது மைல் வேனில் போகிறார். அவர் ட்ரெம்பிளிடம் கேட்க நினைப்பது ஒன்றுதான்: ஒரு நாள் என்கூட அந்த வேனில் உட்கார்ந்து வாருங்கள்.

லோரேனின் பெயர் வாக்குச்சீட்டில் வர அறுநூற்று இருபது வாக்காளர் கையெழுத்து வேண்டும். நான் கையெழுத்து வாங்கும் தாள்கள் வாங்கியிருக்கிறேன். ஒவ்வொரு தாளின் அடியிலும் சேகரித்தவர் கையெழுத்துப் போட வேண்டும். முதல் தாளில் முதல் வரி மிஸ் ஒடெஸா. நான் என் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்ததும் அவர் என்னையே பார்த்தார்.

"முப்பது வருஷமா மறந்துட்டு வந்த கண்ணாடி, இன்னிக்கு எப்படி ஞாபகம் வந்துச்சு ஓசெல்?"

அடியில் என் பெயரை முழுதாக எழுதினேன். அவர் பீச் பழம் வைத்துச் சுட்ட பையில் ஒரு துண்டு வெட்டிக் கொடுத்தார்.

உன் அப்பா,
ஓசெல் பிக்கெட்

---

தலைநகர்
அக்டோபர் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலம் அறிந்து நிம்மதி. இங்கே குளிர் ஆரம்பித்துவிட்டது.

லோரேன் நல்லவள். ஆனால் இது சரியில்லை அப்பா. ஆறு வருடத்துக்கு முன்னால் கவர்னர் பதவிக்கு நம் கட்சியிலேயே மூன்று பேர் அடித்துக்கொண்டார்கள். ஒருவர் குறையை ஒருவர் தெருவில் போட்டு உடைத்தார்கள். நவம்பர் பொதுத்தேர்தலில் எதிர்க்கட்சிக்காரர்கள் அதையே தட்டியில் எழுதி ஒட்டினார்கள், ஜெயித்தார்கள். வந்ததும் அவர்கள் வெட்டிய முதல் பணம் சின்ன ஊர் ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் பணம். நம் ஆஸ்பத்திரியை மூடியது ட்ரெம்பிள் அல்ல, அந்தச் சண்டை. இந்த முறை தொகுதியின் எல்லையும் மாறிவிட்டது. அவர்கள் மிக நெருக்கத்தில் இருக்கிறார்கள். முன்னால் நிற்கிறவரை நாமே காயப்படுத்தி அனுப்பக் கூடாது.

வீடு வீடாக ஏறி இறங்காதீர்கள், முழங்கால் பத்திரம். எத்தனை தாள் எடுத்தீர்கள்? சும்மா கேட்கிறேன்.

மகள்,
டெல்ஃபின்

---

கார்வின் லேண்டிங்
நவம்பர் 12

அன்பு மகளுக்கு,

முழங்கால் வீங்கியது, வற்றியது. மற்றபடி சுகம்.

நீ எழுதியதை மூன்று தடவை வாசித்தேன். சண்டையைப் பற்றி நீ சொல்வதில் பொருள் இருக்கிறது. ஆனால் சண்டை போடாத இந்த மூன்று வருடத்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லையே. தன் வீட்டு ஆட்கள் கேட்கிற கேள்விக்கே பதில் சொல்லிப் பழகாதவர், அடுத்த வீட்டுக்காரன் கேட்டால் என்ன சொல்வார்?

தாள் கேட்டாயே. பதினாலு! இருநூற்று மூன்று கையெழுத்து. கரையோரத் தெரு முழுக்க முடித்தேன். சலூனில் ஒருவர், "பிரதர், அவரு ஜெயிச்ச மாதிரின்னு டிவியிலயே சொல்லிட்டான், இனி என்னத்துக்கு இந்தப் பாடு?" என்றார். "டிவிக்காரன் உன் முடிய வெட்டுனானா? நீயே வந்து உக்காந்துதானே வெட்டிக்கிறே?" என்றேன். சிரித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். பாதி முடி வெட்டியபடி.

எனக்கு நேரம் பிடித்தது அடிக் கையெழுத்துக்குத்தான். பதினாலு தடவை என் பெயர். முதல் தாளில் எழுத்து படியில் உருண்டு விழுவது போல இருக்கும். பதினாலாவது தாளைப் பார்த்தால் நீயே நம்ப மாட்டாய். அதை ஜன்னலில் சாய்த்து வைத்து ஒரு நாள் முழுதும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மொத்தம் எண்ணூற்றுப் பதினொன்று சேர்ந்தது. அடுத்த வாரம் தாக்கல். எண்ணிக்கையை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று லோரேன் கேட்டுக்கொண்டாள். நீ யாரோ இல்லையே.

இத்தனை வருடமும் தேர்தல் நாள் காலையில் போன் செய்து, "அப்பா, மேலேர்ந்து மூணாவது வட்டம்" என்று சொல்வாய். நான் சீட்டில் விரல் வைத்து எண்ணி அந்த வட்டத்தைக் கறுப்பாக்குவேன். மார்ச்சில் சொல்ல வேண்டாம். இரண்டு பெயரையும் நானே வாசிப்பேன்.

உன் அப்பா,
ஓசெல் பிக்கெட்

---

தலைநகர்
டிசம்பர் 9

அப்பாவுக்கு,

நலம். வேலை அதிகம், அதனால் தாமதம். இரண்டு ஞாயிறாகப் போன் செய்ய முடியவில்லை. தனியாக ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். கம்பளிக் கையுறையும் காதை மூடும் குல்லாவும் இருக்கும். அளவு சரியா பாருங்கள்.

இந்தக் குளிரில் கூட்டம் அது இது என்று எங்கும் வெளியூர் போக வேண்டாம். யார் கூப்பிட்டாலும் போக வேண்டாம்.

டெல்ஃபின்

---

கார்வின் லேண்டிங்
டிசம்பர் 14

அன்பு மகளுக்கு,

நீ நலமாக இருக்க ஜெபிக்கிறேன். கையுறை சரியாக இருக்கிறது. அதைப் போட்டால் எழுத முடியவில்லை, கழற்றிவிட்டு எழுதுகிறேன்.

ட்ரெம்பிள் ஆட்களிடமிருந்து லோரேனுக்கு ஒரு தாள் வந்திருக்கிறது. எனக்கும் ஒரு படி. தலைப்பு 'மனு ஆட்சேபணை'. பெரிய வார்த்தைகள்; நாங்கள் கொடுத்த கையெழுத்துத் தாள்களைத்தான் மனு என்கிறார்கள். நாலு பக்கத்தை மூன்று நாள் வாசித்தேன். நான் வாசித்ததிலேயே நீளமானது இதுதான், என்னைப் பற்றியே இருக்கிறது.

மற்ற தாள்களைப் பற்றி ஒன்றுமில்லை. என் பதினாலைப் பற்றி மட்டும். வாக்காளர் பதிவு அட்டையில் என் கையெழுத்து இருக்கும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி இருக்கிறதாம். நிஜம்தான். 1987இல் நீதானே என்னைக் கூட்டிப்போனாய். பெயரை நீ எழுதினாய், குறியை நான் போட்டேன், சாட்சி என்று நீ கையெழுத்திட்டாய். ஆகவே எனக்கு எழுதத் தெரியாதாம். தாள்களின் அடியில் வேறு யாரோ எழுதினார்களாம். அதனால் இருநூற்று மூன்றும் செல்லாதாம். அவை போனால் மீதி அறுநூற்று எட்டு. பன்னிரண்டு குறைகிறது.

'இவருக்கு எழுதத் தெரியாது என்பதை இவரை நெருக்கமாக அறிந்தவர் வாயிலாக அறிகிறோம்' என்று ஒரு வரி இருக்கிறது. என்னை நெருக்கமாக அறிந்தவர்கள் எல்லோரும் கல்லறையில் இருக்கிறார்கள். மற்றபடி நீதான். உன்னைக் கேட்காமலே எவனோ எழுதியிருக்கிறான். அவனிடம் சொல், என் அப்பாவுக்கு எழுதத் தெரியும் என்று.

இன்னொன்று. தேர்தல் அலுவலகத்தில் விசாரணை 22ஆம் தேதி, உன் ஊரில்தான். இப்போது எழுதிக் காட்டினால் போதாதாம், அக்டோபரிலேயே எழுதத் தெரிந்திருந்தது என்று காட்ட வேண்டுமாம். உன் பெட்டியில் என் கடிதங்கள் இருக்கின்றன. உறையில் தபால் முத்திரை, தேதி எல்லாம் இருக்கும். அவற்றை எடுத்துக்கொண்டு வா. வேறு ஒன்றும் வேண்டாம். நீ எதுவும் பேசக்கூட வேண்டாம்.

உன் அப்பா,
ஓசெல் பிக்கெட்

---

கார்வின் லேண்டிங்
டிசம்பர் 18

மகளுக்கு,

சுகம். போன் அடித்து அடித்து நின்றுவிடுகிறது. உனக்கு உடம்பு சரியில்லையோ என்று பயமாக இருக்கிறது. 22ஆம் தேதி காலை பத்து மணி. அறை எண் 204. கடிதங்கள்.

அப்பா

---

கார்வின் லேண்டிங்
டிசம்பர் 28

அன்பு மகளுக்கு,

கிறிஸ்துமஸ் போனது. நீ நலமாக இருக்கிறாய் என்று நினைக்கிறேன். உன் அலுவலகத்து மாடியில் விளக்கு எரிந்தது.

நடந்ததைச் சொல்கிறேன். லோரேனும் திருமதி கிம்பாலும் நானும் பேருந்தில் வந்தோம். அறை 204. என்னிடம் பேனா கொடுத்தார்கள். எழுதினேன். ட்ரெம்பிள் பக்கத்து வக்கீல் சின்ன வயசுக்காரர், மரியாதையாகத்தான் பேசினார்.

"ஐயா நல்லாவே எழுதுறீங்க, அதுல சந்தேகமே இல்ல. அக்டோபர்ல எழுதுனீங்களாங்கிறதுதான் கேள்வி. அதுக்கு எதாவது கையில இருக்கா?"

என் பெண் கொண்டுவருவாள் என்றேன். அரை மணி நேரம் காத்திருந்தார்கள். கதவு திறக்கும்போதெல்லாம் நான் எழுந்து நின்றேன்.

நான் ஜனவரியிலிருந்து வகுப்புக்கு வருவதைத் திருமதி கிம்பால் சொன்னார். வக்கீல் பெயர்ப் பட்டியலைக் கேட்டார். பட்டியல் இல்லையே. பிறகு என் பதினாலு தாளையும் மேஜையில் வரிசையாக வைத்தார்கள். முதல் தாளையும் கடைசித் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இது ஒரே ஆளின் கை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். நான் அவற்றைப் பார்த்தேன். நிஜமாகவே ஒரே ஆள் மாதிரி இல்லை. உன்னிடம் பெருமையாக எழுதினேனே, அதுதான்.

என் தாள்களைத் தள்ளுபடி செய்துவிட்டார்கள். லோரேனின் பெயர் வாக்குச்சீட்டில் வராது. லோரேன் வெளியே வந்து என்னைக் கட்டிக்கொண்டு, "உங்க மேல ஒரு தப்பும் இல்ல அங்கிள்" என்றாள். அவள் அப்படிச் சொன்னதும் தாங்க முடியவில்லை.

பேருந்துக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. நான் மட்டும் தனியாக உன் அலுவலகத்துக்கு நடந்தேன், அதே தெருதான். கீழே கண்ணாடிக்குள் ஒரு பெயர்ப்பலகை. விரல் வைத்து வாசித்துக்கொண்டே வந்தேன். உன் பெயர் ஐந்தாவது. அதற்குப் பக்கத்தில் இரண்டு வார்த்தை இருந்தது. ஆட்கள், பேருந்து, சாப்பாடு என்று இல்லை. லோரேனுக்கு வந்த அந்தத் தாளின் தலைப்பில் இருந்த அதே இரண்டு வார்த்தை. அதை மூன்று நாள் வாசித்தவன், அதனால் உடனே தெரிந்தது.

லிஃப்டில் ஏறவில்லை. முழங்கால் என்று வைத்துக்கொள்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஓசெல் பிக்கெட்

---

தலைநகர்
ஜனவரி 24

அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலம் என்று நம்புகிறேன். டிசம்பரில் வெளியூர் வேலையாக அலைந்துகொண்டிருந்தேன். உங்கள் கடிதங்கள் எல்லாம் மொத்தமாகக் கையில் கிடைத்தன.

செனட்டர் உங்கள் நலம் விசாரித்தார். நவம்பர் முடிந்ததும் சர்ச்சுக்குக் கட்டாயம் வருவதாகச் சொல்லியிருக்கிறார். உட்கட்சியில் போட்டி இல்லாததால் இப்போது முழு பலத்தோடும் நவம்பருக்குத் தயாராகிறோம். ஆஸ்பத்திரிக்கு அதுதான் ஒரே வழி. அதை நான் மனதார நம்புகிறேன் அப்பா. நம்பாமல் எதையும் செய்யவில்லை.

ஈஸ்டருக்கு வரலாமா என்று பார்க்கிறேன். நீங்கள் வர வேண்டாம் என்றால் எழுதுங்கள்.

டெல்ஃபின்

---

கார்வின் லேண்டிங்
மார்ச் 20

அன்பு மகள் டெல்ஃபினுக்கு,

சுகம்தான். நீயும் சுகமாக இரு. பதில் எழுத இரண்டு மாதம் ஆகிவிட்டது. எழுத்து மறந்துபோகவில்லை.

பிப்ரவரியில் ஒரு வாரம் சாலையெல்லாம் பனிக்கட்டி. வேன் இரண்டு தடவை வரவில்லை. மூன்றாவது தடவை வந்தபோது மிஸ் ஒடெஸாவை எழுப்ப முடியவில்லை. அடக்கத்துக்கு ட்ரெம்பிள் பூ அனுப்பியிருந்தார். அட்டையை எல்லோருக்கும் நான்தான் வாசித்துக் காட்டினேன். நல்ல வார்த்தைகள்.

முந்தாநாள் ஓட்டுப் போட்டேன். உன் போன் வருமோ என்று காலையில் கொஞ்சம் உட்கார்ந்திருந்தேன். சர்ச் கூடத்தில்தான் சாவடி. மதியம் வரைக்கும் பத்துப் பேர்கூட வரவில்லை. வாக்காளர் புத்தகத்தில் என் பெயரை முழுதாக எழுதினேன். மேஜையில் இருந்த சிஸ்டர் வில்மா இரண்டு தடவை பார்த்தாள். புது அட்டைக்குப் போன மாதமே எழுதிப் போட்டேன், இன்னும் வரவில்லையாம்.

"பழைய அட்டையோட ஒத்துப் போகணும் பிரதர்," என்றாள், தலையைக் குனிந்துகொண்டு. "எப்பவும் போடுவீங்களே, அது மாதிரி போட்டுடுங்களேன்."

எழுதியதை அடித்துவிட்டுப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டேன். உள்ளே விட்டாள்.

மறைப்புக்குப் பின்னால் போய்க் கண்ணாடியைப் போட்டுக்கொண்டேன். இந்த நாளுக்காகத்தான் இத்தனை மாதம் வகுப்புக்குப் போனேன். சீட்டில் ஒரே பெயர். ஒரு வட்டம். எண்ண வேண்டியதும் இல்லை, வாசிக்க வேண்டியதும் இல்லை. எழுதத் தெரியாத பழைய ஓசெலே வந்திருக்கலாம். வட்டத்தைத் தொடாமல், சீட்டை அப்படியே பெட்டியில் விட்டேன். வெளியே வந்ததும் ஓட்டுப் போட்டதற்கான ஒட்டியைச் சட்டையில் ஒட்டினார்கள்.

கரையோரத் தெருவில் நவம்பரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இனி நான் கதவைத் தட்டினாலும் திறக்க மாட்டார்கள். என் தாளில் எழுதியதால்தான் தங்கள் பெயர் செல்லாமல் போனது என்று அவர்களுக்குத் தெரியும். யாரும் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை.

ஈஸ்டருக்கு வா. பன்றித் தொடை இறைச்சி வாங்கி வைக்கிறேன். வர வேண்டாம் என்று நான் எழுத மாட்டேன். வந்தால் அதைப் பற்றிக் கேட்கவும் மாட்டேன்.

என் கடிதங்கள் உன் பெட்டியில் இதோடு ஏழு இருக்கும். உறைகளைக் கிழித்துப் போடாதே, தேதி அதில்தான் இருக்கிறது. உன் அப்பாவுக்கு எழுதத் தெரியுமா என்று என்றைக்காவது யாராவது கேட்பார்கள். அப்போது காட்டு.

உன் அப்பா,
ஓசெல் பிக்கெட்